குடும்ப வன்முறை புகார்: எங்கெங்க மடக்குவாங்க, எந்த பேப்பரை விடாம வாங்கணும்

என் சித்தி பொண்ணுக்கு ஒருவழியா கோர்ட்ல இடைக்கால ஆர்டர் கிடைச்சிருச்சு. அதுக்கு முன்னாடி நாங்க அலைஞ்சதை எழுதி வச்சா, இதே நிலைமையில இருக்கற வேற யாருக்காவது ஒரு பஸ் டிக்கெட்டாவது மிச்சமாகும்னுதான் எழுதறேன். அவ பேரு, ஊரு, எந்த ஆபீஸ்ங்கறது எதுவும் சொல்லப் போறதில்ல.

181 மகளிர் ஹெல்ப்லைன், மகளிர் போலீஸ், ஜி.ஹெச்., சமூக நல ஆபீஸ், இலவச சட்ட உதவி எல்லாமே நம்ம மாநிலத்துல இருக்கு. ஆனா ஒரு எடத்துல நடந்தது இன்னொரு எடத்துக்குத் தெரியாது. அடி வாங்கினவளேதான் பையைத் தூக்கிட்டு ஒவ்வொரு மேஜை முன்னாடியும் போய் முதல்ல இருந்து சொல்லி அழணும். எனக்கு ஆறாத கோபம் இதுலதான்.

181-க்கு ராத்திரி போன் பண்ணோம், நல்லா பேசினாங்க, வழி சொன்னாங்க. அதுல குறையே இல்ல.

சிக்கல் ஆரம்பிச்சது ஆஸ்பத்திரியில. அவளை முதல்ல கூட்டிட்டுப் போனதே மாமியார்தான், பக்கத்துலயே நின்னுகிட்டு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்"னு அவங்களே சொல்லிட்டாங்க, டியூட்டியில இருந்தவர் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏ.ஆர்.ல (காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) அப்படியே எழுதிட்டார். அந்த ஒரு வரி கடைசி வரைக்கும் எங்களை விரட்டுச்சு. எங்க ஊருக்கு வந்தப்புறம் இங்க ஜி.ஹெச்.ல மறுபடி காட்டினோம். இங்க இருந்த லேடி டாக்டர் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவகிட்ட மட்டும் கேட்டாங்க. "தெரிந்த நபர் கையாலும் பெல்ட்டாலும் தாக்கியதாக"ன்னு நேரம், இடம், முதுகுல இருந்த கன்னிப்போன தடம் எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் எழுதினாங்க. தயவுசெஞ்சு ஏ.ஆர்.ல என்ன எழுதிருக்காங்கன்னு படிச்சுப் பாக்காம அங்கிருந்து நகராதீங்க. போலீஸ் புகார் இருந்தாதான் வைத்தியம்னு சொன்னாலும் நம்பாதீங்க.

அடுத்து ஸ்டேஷன். புகாரை வாங்கி வச்சுட்டு கவுன்சிலிங்னு அவ புருஷனையும் வரச் சொன்னாங்க. ஒரே பெஞ்சுல அவனையும் இவளையும் உக்கார வச்சு, "குழந்தை இருக்குல்லம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ"ன்னு அரை மணி நேரம். இவ கை நடுங்கிட்டு இருக்கு, அதை யாரும் பாக்கல. கடைசில ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டி "சமாதானமா போறோம்னு எழுதி கையெழுத்து போடு"ன்னாங்க. போடமாட்டேன்னுட்டா. நான் பெருமைப்படற தருணம் அது. சி.எஸ்.ஆர். (புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற ரசீது) கேட்டோம், "அம்மா ரவுண்ட்ஸ் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க"ன்னாங்க, நாங்க எழுந்திரிக்கல, இருட்டினப்புறம் கொடுத்தாங்க. புகார் கொண்டு போறப்பவே ரெண்டு காப்பியா கொண்டு போங்க, ஒண்ணுல சீல் வாங்கிக்கங்க. பாதுகாப்பு அலுவலர் (இந்த மாதிரி கேஸுக்குன்னே மாவட்டத்துல இருக்கற அரசு அதிகாரி) யாரு, இலவச வக்கீல் எங்கன்னு நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தோட 5-வது பிரிவுப்படி போலீஸோட கடமை. எங்ககிட்ட யாரும் வாயே திறக்கல.

அதுக்கப்புறம்தான் உச்சக்கட்டம். எங்க மாவட்ட பாதுகாப்பு அலுவலர் ஆபீஸ்ல "சம்பவம் நடந்தது அங்க, அங்கயே போய் குடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. கைக்குழந்தையோட பஸ் ஏறி அவ்ளோ தூரம் போனா அங்க இருக்கற கிளார்க், "இப்ப எங்க தங்கிருக்கீங்களோ அங்கதாம்மா"ன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். அவ அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல "நான் பேசாம அங்கயே போயிடறேன்க்கா"ன்னா. நல்லா கேட்டுக்கங்க, அதே சட்டத்தோட 27-வது பிரிவு தெளிவா இருக்கு: அவ தற்காலிகமா தங்கியிருக்கற ஊர் கோர்ட்லயும் மனு போடலாம், புருஷன் இருக்கற ஊர்லயும் போடலாம், சம்பவம் நடந்த ஊர்லயும் போடலாம். யாராவது திருப்பி அனுப்பினா இந்த நம்பரைச் சொல்லுங்க.

எல்லாத்தையும் மாத்தினது ஒன் ஸ்டாப் சென்டர், சகி மையம்னு சொல்வாங்க. அங்க இருந்த கேஸ் வொர்க்கர் வயசுல சின்னப் பொண்ணு. எங்க பேப்பரை எல்லாம் வாங்கி தேதிவாரியா அடுக்கிட்டு, எங்க முன்னாடியே பாதுகாப்பு அலுவலருக்கு, ஸ்டேஷனுக்கு, சட்ட உதவிக்குன்னு வரிசையா போன் போட்டுச்சு. நாங்க நாயா அலைஞ்ச வேலை ஒரு காலைப் பொழுதுல முடிஞ்சுது. தங்க எடம் இல்லாதவங்களுக்கு அங்கயே சில நாள் தங்கவும் வழி இருக்கு. முதல் நாளே இங்க போயிருங்கன்னுதான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன்.

பாதுகாப்பு அலுவலர் எழுதற குடும்ப சம்பவ அறிக்கை ஃபார்ம்ல உடம்புல அடிச்சது, மனசை நோகடிச்சது, காசு குடுக்காதது மாதிரியே பாலியல் வன்முறைக்கும் தனியா ஒரு பகுதி இருக்கு. அது வந்ததும் அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு கதவு திறந்துச்சு. உள்ள என்ன சொன்னான்னு நான் கேக்கல. கூடப் போற அம்மா, அக்கா எல்லாரும் இந்த எடத்துல நீங்களா எழுந்து வெளிய போயிருங்க. கட்டின புருஷனா இருந்தாலும் இந்தச் சட்டத்துல அது வன்முறைதான், சொல்லாம விட்டா ஃபார்ம்ல வராது.

சட்ட உதவி ஆபீஸ்ல வருமானச் சான்று கேட்டாங்க. பொண்ணுங்களுக்கு வருமான வரம்பு கிடையாதேன்னதும் பெரியவர் ஒருத்தர் உள்ளருந்து எட்டிப் பார்த்து "ஆமா, வாங்கிக்கோ"ன்னார். வக்கீல் கிடைச்சார், மனு போட்டாச்சு. முதல் வாய்தா மூணு நாளுக்குள்ள, கேஸ் 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நம்பி காலண்டர்ல குறிச்சு வைக்காதீங்க. எங்களுக்கு நோட்டீஸே போய்ச் சேரல, ரெண்டு மாவட்ட ஆபீஸுக்கு நடுவுல எங்கயோ தூங்கிட்டு இருந்துச்சு. நோட்டீஸ் சேர்க்கற பொறுப்பு பாதுகாப்பு அலுவலரோடது, அதனால வாய்தாவுக்கு முன்னாடியே போன் போட்டு விசாரிச்சுக்கிட்டே இருங்க. அவன் வராம இழுக்கறான்னதும் வக்கீல் அதே சட்டத்தோட 23-வது பிரிவுல (கேஸ் முடியறதுக்கு முன்னாடியே, அவன் வராட்டியும் ஆர்டர் கேக்கலாம்) கேட்டார், அதுலதான் அவன் அவகிட்ட வரக்கூடாதுன்னும் மாசாமாசம் செலவுக்குப் பணம் குடுக்கணும்னும் இடைக்கால ஆர்டர் வந்துச்சு.

ஆர்டர் காப்பிக்கு காசு கேட்டாங்க. 24-வது பிரிவுல இலவசம்னு இருக்கு, அதைச் சொன்னதும் குடுத்துட்டாங்க. ஒரு காப்பியை எங்க ஏரியா ஸ்டேஷன்லயும் குடுத்து சீல் வாங்கி வச்சிருக்கோம். ஆர்டரை மீறி வாசல்ல வந்து நின்னா அது தனிக் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அந்த சீல் போட்ட காப்பியை அவ இப்ப ஹேண்ட்பேக்லயே வச்சிருக்கா, நீங்களும் வச்சுக்கங்க, போன்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க.