திட்டாத அண்ணன்

அமெரிக்க டீன்ஏஜ் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி காதலும் இல்லை, பார்ட்டியும் இல்லை. 1982-ல் வந்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை' படத்தில் 15 வயது ஸ்டேசி கருக்கலைப்புக்குப் போகிறாள். பாதிச் செலவு தருகிறேன், காரில் கூட்டிப் போகிறேன் என்றவன் ஆளையே காணோம். பௌலிங் ஆடப் போவதாகப் பொய் சொல்லி அண்ணன் காரில் வந்து இறங்குகிறாள். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் அண்ணன் அங்கேயே நிற்கிறான். யார் காரணம் என்று கேட்கிறான், அவள் சொல்வதாக இல்லை, சரி என்று விட்டுவிடுகிறான். வீட்டிலும் சொல்லப் போவதில்லை. அவ்வளவுதான் காட்சி. சோக இசையைக் கொட்டவில்லை, மிச்சப் படம் முழுக்க அவளை அழவைத்துத் தண்டிக்கவும் இல்லை.

அப்போ இதெல்லாம் சரி என்கிறதா படம் என்று உடனே கேட்பார்கள். அப்படி இல்லை. வராமல் போனவன்மீது நமக்கே எரிச்சல் வந்துவிடுகிறது, அப்புறம் படம் வேறு எதற்கு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? திரைக்கதை எழுதிய கேமரன் க்ரோ, இருபதுகளின் தொடக்கத்தில் மாணவன் மாதிரி ஒரு பள்ளியில் சேர்ந்து, அங்கே பார்த்ததைப் புத்தகமாக்கியவர். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவருக்கு ஹெட்மாஸ்டர் குரல் எப்படி வரும்!

இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' (1993) இன்னும் சங்கடமானது. 1976-ல் பள்ளியின் கடைசி நாள், சீனியர்கள் மரமட்டையோடு ஜூனியர்களைத் துரத்தித் துரத்திப் பின்புறத்தில் அடிக்கிறார்கள். அடிவாங்கிய மிட்சை அன்றிரவே சீனியர்கள் சிலர் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற, அவனும் சந்தோஷமாகப் போகிறான், விடிந்ததும் வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். இன்னும் சில வருடத்தில் அந்த மட்டை இவன் கையில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, படம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாலும். அடியை வேடிக்கையாகக் காட்டுகிறதே என்று முதல் தடவை கோபம்கூட வந்தது. இரண்டாம் தடவைதான் அந்தப் பையன்களின் முகங்களைக் கவனித்தேன்.

'ப்ரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985), இப்படித் தீர்ப்புச் சொல்லாமல் காட்டும் விஷயத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்டு வழுக்கி விழுகிறது. சனிக்கிழமை தண்டனைக்கு வந்த ஐந்து பேரையும் அவரவர் கதையைச் சொல்லவிட்ட படம், கடைசியில் அவர்களில் ஒருத்தியான ஆலிசனின் முகத்தைக் கழுவி, தலைவாரி, அழகாக்கிய பிறகுதான் கூட இருக்கும் விளையாட்டுவீரன் அவளை நின்று பார்க்கும்படி செய்கிறது. அந்தக் கறுப்புக் கண்மையோடு அவள் நன்றாகத்தானே இருந்தாள்.