வாரண்டி வண்டிக்கா, போன் நம்பருக்கா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறவங்க எல்லாரும் இன்ஜின பாப்பாங்க, டயர பாப்பாங்க, அடியில துரு ஏறியிருக்கான்னு குனிஞ்சு டார்ச் அடிச்சு பாப்பாங்க, நானும் அத்தனையும் பாத்தேன். ஆனா மீதி இருக்கற கம்பெனி வாரண்டிய நம்ம பேருக்கு மாத்தணும்னு ஒரு வேலை இருக்கறதே எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுவும் ஏற்காடு ரோட்டுல மூணாவது கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங் 'கடக்'குன்னப்பதான்.

முதல்ல வண்டி கதைய சொல்லிடறேன். சேலம் சூரமங்கலத்துல எங்க தெருவுக்கு அடுத்த தெரு, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார். 2023 சித்திரை ஒண்ணு, அதாவது ஏப்ரல் 14 அன்னிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி டெலிவரி எடுத்த கார், ரெண்டு வருசத்துல 27 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு. பையன் டொரண்டோல செட்டில், அங்கயே போயி இருந்துக்கலாம்னு முடிவு பண்ணி 2025 மார்ச்ல வண்டிய எனக்கு குடுத்தாரு. புரோக்கர் கமிஷன் இல்ல, எல்லா சர்வீசும் கம்பெனியிலயே விட்ட பில்லு ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல தேதி வாரியா இருந்துச்சு, ரெண்டு சாவி, ஒரிஜினல் இன்வாய்ஸ், இதுக்கு மேல என்ன வேணும். "தம்பி, இன்னும் ஒரு வருசம் வாரண்டி இருக்கு, அதுக்கு மேல ரெண்டு வருசம் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் அப்பவே பணம் கட்டி வெச்சிருக்கேன்"னு அவரு சொன்னதுலதான் விலையில நான் ரொம்ப பேரமே பேசல.

பேர் மாத்தற வேலை ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல. பரிவாகன்ங்கற கவர்மெண்ட் வெப்சைட்ல அப்ளை பண்ணி ஃபார்ம் 29 ரெண்டு காப்பி, ஃபார்ம் 30, வண்டி மேல அவரு பேங்க் லோன் போட்டிருந்ததால ஹெச்பி கேன்சலுக்கு, அதாவது ஆர்சில இருந்து பேங்க் பேர எடுக்கறதுக்கு, ஃபார்ம் 35-உம் பேங்க் என்ஓசியும், இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், ரெண்டு பேரு ஆதார். லோன முழுசா கட்டி முடிச்சிட்டாருங்க, ஆனா ஆர்சில இருந்து பேங்க் பேர எடுக்காம விட்டிருந்தாரு, நிறைய பேரு இப்படித்தான் விட்டுடறாங்க. அவரு பிளைட் ஏறறதுக்கு முன்னாடியே கையெழுத்து, ஓடிபி எல்லாம் முடிஞ்சு ஏப்ரல் 22 என் பேருல ஆர்சி ஆயிருச்சு. சந்தோசமா தட்டுவடை செட் வாங்கி குடுத்து வழியனுப்பி வெச்சேன்.

இன்சூரன்ஸ பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுலயும் ஏமாறறவங்க இருக்காங்க. வண்டி கை மாறினா தேர்ட் பார்ட்டி கவர் தன்னால கூட வந்துரும், ஆனா நம்ம வண்டிக்கு ஆகற டேமேஜுக்கு கவர் வேணும்னா 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி குடுத்து பாலிசிய மாத்திக்கணும். நோ கிளைம் போனஸ் நமக்கு வராது, அது ஆளோட சொத்து, வித்தவரோடயே போயிரும், அந்த வித்தியாசத்த நாம கட்டணும். இதெல்லாம் எனக்கு தெரியும், கரெக்டா பண்ணினேன். அப்ப வாரண்டியும் இன்சூரன்ஸ் மாதிரி ஒரு தனி பேப்பருன்னு மட்டும் ஏனோ தோணவே இல்ல. வண்டி என் பேருல இருக்கு, வாரண்டி வண்டிக்கு இருக்கு, அவ்வளவுதானேன்னு இருந்துட்டேன்.

எனக்கு தொழிலு ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ். வாரத்துல ரெண்டு நாளாவது ஏற்காடு ஏறுவேன், லாட்ஜு, ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களான்னு கஸ்டமருங்க அங்கதான் ஜாஸ்தி. அடிவாரத்துல இருந்து மேல போற வரைக்கும் 20 ஹேர்பின், ஒவ்வொண்ணுலயும் ஸ்டியரிங்க ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு திரும்ப விடணும். ஜூன் மாசம் முதல் வாரத்துல ஒரு நாள் பின் சீட்டுல ரெண்டு பேரு, டிக்கி நிறைய ஃபில்டர் பெட்டி, மூணாவது வளைவுல இடது பக்கம் ஒடிச்சு விடறப்ப கடக். கைக்கே தெரியுது, வளையல ஒரு தட்டு தட்டினா எப்படி இருக்கும், அப்படி. அடுத்த இடது வளைவுலயும் கடக். வலது பக்கம் ஒடிச்சா ஒண்ணுமே இல்ல.

ஜூன் 16 சர்வீஸ் சென்டருக்கு போனேன். எந்த கம்பெனி எந்த சென்டருன்னு சொல்லல, அது தேவையும் இல்ல. அட்வைசர் தம்பி வண்டி நம்பர அடிச்சதும் ஸ்கிரீன்ல சார் பேரு, சார் நம்பரு. "ஓடிபி போயிருக்கு சார், சொல்லுங்க"ன்னாரு. எனக்கு எங்க வரும், அது டொரண்டோவுக்கு போகுது. ஆர்சிய காட்டினேன். சாதாரண சர்வீஸ்னா வேற நம்பர்ல ஜாப் கார்ட் போட்டுக்கலாமாம், வாரண்டி கிளைம்னா சிஸ்டத்துல எந்த கஸ்டமர் இருக்காரோ அவரு ஓடிபி வேணும், இல்லன்னா ஓனர் பேர சிஸ்டத்துல மாத்தணும், அதுக்கும் பழைய ஓனர் நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்னாரு. "வாரண்டி வண்டிக்கு இல்லியா தம்பி?"ன்னு கேட்டேன். "வண்டிக்குத்தான் சார், சேஸிஸ் நம்பர் மேலதான் இருக்கு"ன்னாரு, கொஞ்சம் கூட சிரிக்காம.

அவரு சொன்னதுல தப்பும் இல்ல. நம்ம ஊருல முக்காவாசி கம்பெனில ஃபேக்டரி வாரண்டி சேஸிஸ் நம்பரோட போறதுதான், ரெண்டாவது ஓனருக்கும் மீதி காலம் செல்லும். நாம வாங்கின தேதில இருந்து புதுசா எண்ணிக்கை ஆரம்பிக்காது, முதல் டெலிவரி தேதில இருந்துதான், வருசமோ கிலோமீட்டரோ எது முந்துதோ அதோட முடிஞ்சுது. எத்தனை வருசம்ங்கறதும் வண்டி எப்ப டெலிவரி ஆச்சுங்கறத பொறுத்து மாறும், மாருதியே 2024 ஜூலைக்கு முன்னாடி 2 வருசம் 40 ஆயிரம் கிலோமீட்டர்தான் குடுத்தாங்க, அப்பறம்தான் 3 வருசம் ஒரு லட்சம்னு ஆக்கினாங்க. அதனால பக்கத்து வீட்டு வண்டிய வெச்சு நம்ம வண்டிக்கு கணக்கு போடக் கூடாது. கரண்ட் வண்டி வாங்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், பேட்டரிக்கு லைஃப்டைம்னு போட்டிருக்கறது சில மாடல்ல முதல் ஓனருக்கு மட்டும்தான், கை மாறினதும் வருசக் கணக்குக்கு வந்துரும்.

சரி, ஓடிபி. சாருக்கு வாட்ஸ்அப் கால் போட்டேன். இங்க காலைல ஒன்பதரை, அங்க நடுராத்திரி பன்னண்டு. எடுத்துட்டாரு பாவம், பதறிப் போயி "என்ன தம்பி, ஆக்சிடெண்டா?"ன்னாரு. விசயத்த சொன்னதும் அந்த சிம்மு போன்லயே இல்ல, மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்காராம். அன்னிக்கு அதோட போச்சு. அடுத்த நாள் பாத்தா ரீசார்ஜ் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருந்துச்சு, நானே இங்கிருந்து ரீசார்ஜ் பண்ணி ரோமிங் பேக்கும் போட்டு விட்டேன், அவரு பையன் எதையோ ஆன் பண்ணி சிம்முக்கு உயிர் வர வெச்சாரு. இன்னும் கொஞ்ச மாசம் அப்படியே கிடந்திருந்தா நம்பரையே வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க, அப்ப நான் யாருகிட்ட போயி ஓடிபி கேட்டிருப்பேன்னு நினைச்சாலே பக்குன்னுச்சு. மூணாவது நாள் மறுபடி காலைல போயி உக்காந்தேன், ஓடிபி அனுப்பறாங்க, அங்க போயி சேர்றதுக்குள்ள டைம் முடியுது, மறுபடி அனுப்பறாங்க, அவரு பழச படிக்கறாரு, மூணு தடவை தப்பா போனதும் சிஸ்டமே லாக் ஆயிருச்சு.

வீட்டுல வந்து புலம்பினா எங்க வீட்டம்மா ஒரே வார்த்தைல முடிச்சாங்க. "ஏங்க, தூங்கற மனுசன ஏன் எழுப்பறீங்க, சாயங்காலம் போங்களேன், அவங்களுக்கு அது காலை நேரம்தானே." அதானே! அடுத்த நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு போனேன், அங்க காலை எட்டு மணி, சார் காபி டம்ளரோட வீடியோ கால்லயே உக்காந்துட்டாரு, ஓடிபி வந்துச்சு, நம்பரு நம்பரா படிச்சாரு, ஓகே ஆயிருச்சு. கூடவே நான் குடுத்தது: என் பேருல இருக்கற ஆர்சி காப்பி, ஆதார், பழைய இன்வாய்ஸ் காப்பி, வித்துட்டேன்னு சாரு கையெழுத்து போட்ட லெட்டர ஸ்கேன் பண்ணி, அப்பறம் ஓடோமீட்டர் போட்டோ. ரெண்டு நாள்ல ஸ்கிரீன்ல என் பேரு வந்துருச்சு. இதுக்கு பைசா வாங்கல.

பணமும் பிரச்சனையும் எக்ஸ்டெண்டட் வாரண்டியிலதான். அது இன்சூரன்ஸ் மாதிரி தனி ஒப்பந்தம், தனி நம்பரு, தனி புக்லெட். அந்த புக்லெட்ட கடைசி பக்கம் வரைக்கும் நான் அன்னிக்குத்தான் படிச்சேன், ஆர்சி மாறின 30 நாளுக்குள்ள டிரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணணும்னு எறும்பு சைஸ்ல போட்டிருக்கு. எனக்கு ஏப்ரல் 22-ல ஆர்சி, இப்ப ஜூன் கடைசி. "லேப்ஸ் ஆயிருச்சு சார்"னுட்டாங்க. பணம் கட்டினது சார், அந்த காச வண்டி விலையில சேத்து குடுத்தது நான், இன்னும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காத வாரண்டி எப்படி லேப்ஸ் ஆகும்னு எனக்கு கோவம். ஆனா கவுண்ட்டர்ல நின்னு கத்தி பிரயோஜனம் இல்ல, அந்த தம்பி கையில ஒண்ணும் இல்ல. கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், கோவத்த எல்லாம் எடுத்துட்டு தேதிய மட்டும் வரிசையா எழுதி, எல்லா சர்வீஸ் பில்லையும் இணைச்சு, லேட் ஆனதுக்கு காரணம் சொல்லி, ஏரியா மேனேஜர் பார்வைக்கு வைங்கன்னு கேட்டேன். கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-அ போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்தேன், கூப்பிட வேண்டிய அவசியம் வரல. பதினோரு நாள் கழிச்சு, வண்டிய இன்ஸ்பெக்ஷன் பண்ணி பாத்து மாத்தி தர்றோம்னு பதில் வந்துச்சு. சார் ஒரு பில்லு விடாம வெச்சிருந்ததாலதான் இது நடந்துச்சுன்னு இப்பவும் சொல்லுவேன். டிரான்ஸ்ஃபர் சார்ஜ் 500, அதுக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, மொத்தம் 590 ரூபா.

இன்ஸ்பெக்ஷன்ல என்ன பாத்தாங்கன்னா, வெளிய கடையில ஹாரன், லைட்டு, கேமரான்னு மாட்டி ஒயர வெட்டியிருக்கான்னு டேஷ்போர்டுக்கு கீழ டார்ச் அடிச்சு பாத்தாங்க, மீட்டர்ல கை வெச்சிருக்கான்னு பழைய பில்லுல இருக்கற கிலோமீட்டரோட ஒத்துப் பாத்தாங்க, ஆக்சிடெண்ட் ரிப்பேரு இருக்கான்னு பாத்தாங்க. டிக்கில இருந்த ஃபில்டர் பெட்டிய பாத்துட்டு "வாடகைக்கு ஓட்டறீங்களா சார்?"ன்னு ஒரு கேள்வி வேற. என் சரக்கத்தான் நான் ஏத்திட்டு போறேன், வெள்ளை போர்டுதான்னு விளக்கினேன். வாடகைக்கு ஓட்டினது தெரிஞ்சா வாரண்டில கை வெப்பாங்க, அதனால அந்த கேள்விக்கு யோசிச்சு பதில் சொல்லுங்க.

இவ்வளவும் ஆச்சு, கடக் அப்படியேதான் இருக்கு. அட்வைசர் தம்பி ஃபைவ் ரோட்டு பக்கம் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து "சவுண்டு எதுவும் வரல சார்"னு ஜாப் கார்டுல எழுதப் போயிட்டாரு. சமதரைல வராது தம்பி, மலைக்கு வாங்கன்னேன். மதியம் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு சீனியர் மெக்கானிக் அண்ணன அனுப்பினாங்க, அவரு தெளிவா "பின்னாடி ரெண்டு பேரு உக்காரட்டும், வெயிட்டு வேணும்"னாரு. கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட், அப்பறம் ஏத்தம். நான் ஓட்டறேன், அவரு முன் சீட்டுல உக்காந்து உடம்ப வளைச்சு கைய ஸ்டியரிங்குக்கு கீழ பெடலுக்கு மேல இருக்கற கம்பியில வெச்சிருக்காரு, வைத்தியரு நாடி பிடிக்கற மாதிரி. முதல் வளைவு, ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வலது பக்கம், ஒண்ணும் இல்ல. எனக்கு வேர்க்குது, இத்தனை பாடுபட்டு இன்னிக்கு பாத்து வராம போயிருமோன்னு. மூணாவது வளைவு, செவுத்து மேல குரங்கு குடும்பம் வேடிக்கை பாக்குது, இடது பக்கம் ஒடிச்சேன், கடக். அண்ணன் கைய எடுக்காமலேயே "இன்டர்மீடியட் ஷாஃப்ட்டு, ஜாயிண்ட்டு தேஞ்சிருக்கு, இறக்குங்க வண்டிய"ன்னாரு. மேல போயி திருப்பத்தான் இடம் கிடைச்சுது, அது வரைக்கும் இன்னும் ரெண்டு கடக்.

பார்ட்ஸ் வர ஒன்பது நாள், மாத்தறதுக்கு அரை நாள். பில்லுல பார்ட்ஸ், லேபர் எல்லாம் சேத்து ஒன்பதாயிரத்து சொச்சம் காட்டி, கடைசில கஸ்டமர் கட்ட வேண்டியது பூஜ்யம். வைப்பர் பிளேடுக்கு மட்டும் தனியா காசு வாங்கினாங்க, பிரேக் பேடு, கிளட்ச், வைப்பர் மாதிரி தேயற அயிட்டத்துக்கு எந்த கம்பெனி வாரண்டியும் சாதாரணமா உதவாது. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அந்தந்த கம்பெனி வாரண்டிதான், அதுக்கு அந்த பில்லையும் கார்டையும் வித்தவருகிட்ட தனியா கேட்டு வாங்கிக்கணும், எனக்கு சாரோட ஃபைல்ல இருந்துச்சு.

இனி ஒரு வண்டி வாங்கினா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே வித்தவர கையோட சர்வீஸ் சென்டருக்கு கூட்டிட்டு போயிருவேன், ஆர்சி மாறலன்னாலும் பரவால்ல, என் நம்பர ரெண்டாவது நம்பரா ஏத்திட சொல்லுவேன். அந்த ஆளு ஊருல இருக்கறப்ப பத்து நிமிச வேலை இது.

எல்லாம் மாறிருச்சுன்னு நினைச்சேன், ரோட் சைடு அசிஸ்டன்ஸ் மட்டும் இன்னும் சார் நம்பர்லயே இருக்கு போல. போன வாரம் ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ ஃபார்வர்டு பண்ணியிருந்தாரு, அன்புள்ள வாடிக்கையாளரேன்னு ஆரம்பிக்குது, ரினியூவல் தேதி நெருங்குதாம். கீழயே அவரு டைப் பண்ணியிருந்தாரு: "தம்பி, நம்ம வண்டிக்கு வந்திருக்கு. மேல மழையா?"