கொடியேற முன்னம்

2025 ஜூலை 4, வெள்ளி

இன்று காலை மேசன்மார் வந்து குசினிக் கூரையைக் கழற்றிவிட்டார்கள். மூன்று கிழமை வேலையாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடியேற்றம் 29ஆம் திகதி, அதற்கு முதல் முடித்துத் தந்தால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. அதுவரைக்கும் கடைச் சாப்பாடுதான்.

அம்மாவுக்கு 69 வயது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள்ளேயும் மூன்று கல்லு வைத்துச் சமைத்தவர். கடையில் இருந்து சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் இந்த மூன்று கிழமையையும் எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

பொழுதுபடுகிற நேரம் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கோண்டாவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டுப் படலையோடு கொட்டில் இறக்கி ஒரு அக்கா அப்பம் சுடுகிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஐந்தரைக்குத் தொடங்கி மா முடியும்வரை. எட்டு மணிக்குப் போனால் கழுவிக் கவிழ்த்த தாச்சிதான் இருக்கும். நான்கு அடுப்பு, நான்கு தாச்சி. மூடிக்கு மேலேயும் தேங்காய்ப் பொச்சு எரிகிறது. கீழ் நெருப்பில் அடி சிவக்கும், மேல் நெருப்பில் நடு வேகும். மாவை ஊற்றி, தாச்சியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு சுழற்று. ஓரம் மெல்லிசாகப் படர்கிறது. பாலப்பம் என்றால் நடுவில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். மற்ற மூன்று தாச்சியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரப் பதம் சரியாக இருக்கும். மணிக்கூடு பார்ப்பதில்லை, மணம் பிடித்துத்தான் மூடியைத் திறக்கிறார்.

அம்மா வாங்கில் இருந்து ஓரத்தை உடைத்து வாயில் போட்டார்.

"கள்ளு விட்டுத்தான் புளிக்க வைக்கிறனீங்கள், என்ன?"

"ஓம் அன்ரி. இல்லாட்டி இந்த மணம் வராது."

மூன்று பாலப்பம் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பின்னுக்கிருந்து சொன்னார்: "அப்பம் திறம். சம்பல்தான். இடிக்காமல் அரைச்சுப் போட்டா."

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் மலாயன் கபே. பெரியகடைப் பக்கம் இருக்கிற பழைய சைவக்கடை, யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. வாழையிலை, சோறு, பருப்பு, மரக்கறிகள், அப்பளம், பொரித்த மிளகாய். சாப்பாட்டைப்பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இன்று பார்க்கக் கிடைத்தது அம்மாவைத்தான்.

இலை போட்டு, சோறு போட்டு, கறி எல்லாம் வந்துவிட்டது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "சாப்பிடுங்கோ அம்மா" என்றேன். எதிரே முன்பின் தெரியாத ஒரு தாயும் பிள்ளையும் இருந்தார்கள். அவர்களுடைய இலையில் இன்னும் சோறு விழவில்லை. அது விழுந்த பிறகுதான் அம்மா பருப்பைக் குழைத்தார். வீட்டில் எல்லாருக்கும் போட்டு முடித்துக் கடைசியாகச் சட்டியோடு இருந்து சாப்பிட்டுப் பழகிய கை. பரிமாறுகிற தம்பி வந்து "அம்மாக்கு இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டபோது, தன்னைத்தான் கேட்கிறார் என்று அவருக்கு உடனே விளங்கவில்லை.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருக்கிற அம்மாச்சி உணவகம். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் அடுப்போடு நின்று கண்முன்னே செய்து கொடுக்கிற இடம். பின்னேரம் கம்பஸ் பிள்ளைகளும் கந்தோர் ஆட்களும் நிறைந்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொரு தட்டாகப் போய் நின்று பார்த்தார். குரக்கன் புட்டு வாங்கினோம், உழுந்து வடையும். குரக்கன் மாவை வறுத்த பதம் சரி என்று அம்மா சொன்னார். அப்படி அவர் சொல்லுவது லேசில் நடக்காது.

ஒரே ஒரு குறை: இருக்க இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டு சாப்பிட அம்மாவின் முழங்கால் விடவில்லை, கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

750 பஸ்ஸில் பருத்தித்துறை. ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் அம்மாவுக்குச் சரிவராது. நெல்லியடி தாண்டியதும் சோளகக் காற்று ஜன்னலால் அடித்தது. கடலைப் பார்க்க என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையில் வடைக்குத்தான்.

பருத்தித்துறை வடை என்றால் வெளியூர் ஆட்கள் மெதுவான உழுந்து வடையை நினைக்கக் கூடாது. தட்டை வடை. உழுந்து, கோதுமை மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. கையால் தட்டி மெல்லிசாக்கி எண்ணெயில் விட்டால் நொறுநொறு என்று வரும். நாட்கணக்கில் பழுதாகாது என்பதால் கனடாவுக்கும் லண்டனுக்கும் பெட்டிகளில் போகிறது. அண்ணாவுக்கு ஒவ்வொரு முறையும் அனுப்புவது இதைத்தான். ஆனால் எண்ணெய் வடிகிற சூட்டோடு ஒன்றை எடுத்து, பிளேன்ரீ ஒரு வாய், வடை ஒரு கடி என்று சாப்பிடுவது வேறு. அந்த மிளகாய் உறைப்பு தொண்டைக்குள் போகிற நேரம் தேத்தண்ணிச் சூடும் சேர வேண்டும். பெட்டிக்குள் அது போகாது.

நாங்கள் போனது காலை பதினொரு மணிக்கு. கேட்ட இடத்தில் நேற்றையதுதான் இருந்தது. "பின்னேரம் வாங்கோ, சுடச்சுடப் போடுவம்." சரி என்று கடற்கரையில் இருந்து, வெளிச்சவீட்டைப் பார்த்து, ஒரு கடையில் சோறு சாப்பிட்டு, மூன்று மணி மட்டும் நின்றோம். அம்மா ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல சாப்பாட்டுக்கு முகவரி தெரிந்தால் மட்டும் காணாது. நேரம் தெரிய வேண்டும். அப்பத்துக்குப் பொழுதுபட, வடைக்குப் பின்னேரம், மீனுக்கு விடிய. நாள்முழுக்கக் கிடைக்கிறது என்று எழுதிப் போட்ட எதையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஜூலை 16, புதன்

கந்தோர் ஆட்களோடு புதுக் கடை ஒன்றில் இரவுச் சாப்பாடு. பெயர் வேண்டாம். அட்டையில் "யாழ்ப்பாண நண்டுக்கறி" என்று பெரிதாக இருந்தது. வந்தது சிவப்புச் சாயக் குழம்புக்குள் குளிர்பெட்டி நண்டு. ஓட்டை உடைத்தால் சதை மாப்போல உதிர்ந்தது. முருங்கையிலை ஒன்றுகூட இல்லை. இறக்குகிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை போட்டு மூடாத நண்டுக்கறியை இந்த ஊர்ப் பெயரில் விற்பது எனக்கு மனவருத்தம். ஐந்து நிமிடத் தூரத்தில் கடல் கிடக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. குசினி இல்லாவிட்டாலும் ஆடிக்கூழ் இல்லாமல் விட அம்மாவுக்கு மனமில்லை. விடிய எழும்பிப் பார்க்கிறேன், மாமரத்துக்குக் கீழே மேசன்மாரின் மூன்று சீமெந்துக் கல்லு, அதில் பானை. வறுத்த பயறு அவிந்துகொண்டிருந்தது. அரிசி மாவைக் கரைத்து விட்டு, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் போட்டு இறக்கினார். கொழுக்கட்டையும் அவித்தார். வேலைக்கு வந்த மேசன்மார் மூவருக்கும் முதல் கோப்பை. அதில் இளையவர் கிளிநொச்சிப் பக்கம், தன் அம்மம்மா இறந்த பிறகு குடிக்கிற முதல் ஆடிக்கூழ் என்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றையதை விரிவாக எழுத வேண்டும்.

என்னோடு படித்த தோழியின் வீடு குருநகரில். "கொடியேற முன்னம் ஒருக்கா கூழ் காய்ச்சுவம், அன்ரியையும் கூட்டிக்கொண்டு வா" என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒடியல் கூழ். விடிய பாசையூர்ச் சந்தைக்கு நானும் அவளும் போனோம். கூடையில் உயிர் நண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நண்டு, இறால், கணவாய், முள்ளுக் குறைந்த மீன், ஒரு பெரிய மீன்தலை. கூழுக்கு மீன்தலை வேண்டும், சாறு அதிலிருந்துதான் இறங்கும்.

நாங்கள் வர அம்மாவும் தோழியின் தாயாரும் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு இருந்தார்கள். ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், அப்படியே கடித்துச் சாப்பிடலாம். ஒடியல் மாவில் ஒரு கசப்பு இருக்கும். ஊறவைத்து, மா அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை வடித்து ஊற்றினால்தான் அது போகும். அவசரப்பட்டால் பானை முழுவதும் கசக்கும். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஒருக்கா" என்றார். தோழியின் தாயாரும் அதையே சொல்ல வாயெடுத்தவர்.

முற்றத்தில் பெரிய பானை. முதலில் ஒரு சிறங்கை அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. அவை அரைப்பதமாகும்போது மீன்தலை, பிறகு நண்டு, கணவாய், இறால். செத்தல் மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்த கூட்டு. பழப்புளி. கடைசியில் கரைத்த ஒடியல் மாவை ஒருவர் ஊற்ற மற்றவர் துழாவ வேண்டும், கை நின்றால் கட்டிபடும். மா சேர்ந்ததும் குழம்பு மெல்ல இறுகி, பெரிய பெரிய குமிழாக "பொளக், பொளக்" என்று வெடிக்கத் தொடங்கியது. அப்போது முருங்கையிலை. அந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாமாக வந்துவிட்டார்கள். வரத்தானே வேண்டும், ஒடியல் கூழ் நாலு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை.

பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினால் அதுதான் கரண்டி. பானையைச் சுற்றிப் பதினான்கு பேர். சூடு ஆற ஆறக் கூழ் தடிக்கும், உறைப்பு ஏறும், மூக்கால் வடியும். இடையில் ஒரு தேங்காய்ச் சொட்டைக் கடித்தால் நாக்கு ஆறும், திரும்பக் கூழ். நண்டுக் காலைப் பல்லால் உடைத்துச் சூப்பும்போது யாரும் கதைப்பதில்லை.

அம்மா மூன்று இலை குடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அப்பா இருந்த காலத்தில் எங்கள் வளவிலும் இப்படித்தான், வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பானைக்கு ஆள் காணாது. இன்று அந்தப் பானைக்கு முன்னால் அம்மாவைப் பார்த்தது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

நாளை ஆடி அமாவாசை. திருநெல்வேலிச் சந்தையில் காத்தோட்டிக்காய் குவிந்து கிடந்தது. வருடத்தில் இந்த ஒரு விரதத்துக்குத்தான் இதைத் தேடுவோம். அப்பாவுக்குப் படைக்க வேண்டும். கடையில் வாங்கிப் படைக்க முடியாது என்று அம்மா திரும்பவும் மாமரத்தடிக் கல்லுக்குப் போய்விட்டார். நாளைக்கு எழுத மாட்டேன்.

ஜூலை 26, சனி

நல்லூரடி. வீதி முழுக்கத் தடி நடுகிறார்கள், கடைக்காரர் இடம் பிடிக்கிறார்கள். ரியோவில் ஐஸ்கிறீம் குடித்தோம். எங்கள் ஊரில் ஐஸ்கிறீம் குடிக்கிறதுதான், சாப்பிடுகிறதில்லை. 1990இல் சண்டையால் கரண்ட் நின்ற பிறகு வளர்ந்த பிள்ளை நான். சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த ஞாபகம்தான் அந்த நாளில் இனிப்பு என்றால் வருகிறது. ஐஸ்கிறீம்கூட இன்னும் எனக்குக் கொஞ்சம் அதிசயம்தான். அம்மா கோப்பையின் அடியில் இருந்த ஜெலியை எனக்குத் தள்ளிவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

குசினி முடிந்தது. விறகடுப்பையும் விடாமல் கட்டித் தந்திருக்கிறார்கள். மீன் சந்தையில் கால்வைக்க இடமில்லை, எல்லாருக்கும் கடைசி ஞாயிறு. பாரைமீன் குழம்பும் சுறா வறையும் ஒரு கடையில் கட்டுவித்து வந்து சாப்பிட்டோம். நாளைக்கு வீடு கழுவுவது.

ஜூலை 29, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கொடியேறியது. சனத்துக்குள் நின்று "அரோகரா" கேட்டதும் அம்மா அழுதார், ஒவ்வொரு வருடமும் அழுவார். வீட்டுக்கு வந்து புது அடுப்பில் பால் காய்ச்சி, பிறகு சோறும் ஐந்து மரக்கறியும். மூன்று கிழமைக்குப் பிறகு அம்மாவின் பருப்பு. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

நாலரை மணிக்கு உரல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் செத்தல் மிளகாயும் உப்பும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும், அம்மா உலக்கையோடு நின்றார். இடித்து முடித்துத் தேசிக்காய் பிழிந்து, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு இறுக்கி மூடினார்.

"அந்த அப்பக்காரப் பிள்ளை இண்டைக்குச் சுடுமோ?"

சுட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். அம்மா போத்தலை நீட்டி, "சைவம்தான், மாசி போடேல்லை. ஒருக்கா வைச்சுப் பாருங்கோ" என்றார். அக்கா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தாச்சியின் மூடியைத் திறந்து, ஓரம் சிவந்த பாலப்பத்தை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, போத்தலிலிருந்து ஒரு கரண்டிச் சம்பலைப் பக்கத்தில் வைத்து, வரிசையைத் தாண்டி அம்மாவிடம் கொடுத்தார்.

"இருங்கோ அன்ரி. இருந்து சாப்பிடுங்கோ."