சாவி கொடுக்கிற வாட்ச்

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து 2017-ல் ஓய்வு பெற்றவர். முதல் சம்பளத்தில் வாங்கிய ஹெச்.எம்.டி. ஜனதா வாட்சைத்தான் கடைசி நாள் வரை கட்டியிருந்தார். காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் வாட்சைக் கழற்றி, காதோரம் வைத்துக்கொண்டு சாவி கொடுப்பார். இருபது, இருபத்தைந்து திருகு. பிறகு மொட்டைமாடிக்குப் போய் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்வரை நிற்பார். சங்கு ஊதியதும் முள்ளைப் பார்த்து, "அரை நிமிஷம் பிந்திருச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் இது மாறவில்லை.

2020 அக்டோபரில் தபால் நிலையத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பித்தார். என்னை நாமினியாகப் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "அஞ்சு வருஷம் கழிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு நான் டீச்சர்தான். பாஸ்புத்தகத்துக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, அதன்மேல் பேனாவால் 'சாவி வாட்ச்' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்கு முன்வருடம் ஒரு கல்யாண வீட்டில், துபாயிலிருந்து வந்திருந்த நண்பர் மகன் கையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்ற சுவிஸ் வாட்ச் இருந்தது. அந்தப் பையனிடம் கேட்டு வாங்கி, காதில் வைத்து, நான்கு திருகு திருகிப் பார்த்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதெல்லாம் அதைப் பற்றித்தான். முதல் ஸ்பீட்மாஸ்டர் வந்தது 1957-ல், அவர் பிறந்த வருடம். 1965-ல் நாசா அதை விண்வெளிப் பயணத்துக்கு ஏற்றதென்று தேர்ந்தெடுத்தது. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் தன் வாட்சைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார், ஏனென்றால் உள்ளே இருந்த கடிகாரம் பழுதாகிவிட்டது. ஆல்ட்ரின் மட்டும்தான் கையில் கட்டிக்கொண்டு நிலாவில் நடந்தார். பேட்டரி கிடையாது. அன்றும் சாவி, இன்றும் சாவி. பன்னிரண்டு வயதில் ரேடியோவில் அந்தச் செய்தி கேட்ட பையனாகவே அன்றைக்கு அவர் பேசிக்கொண்டிருந்தார்.

2023 பிப்ரவரித் தவணையைக் கட்டிவிட்டு வந்த மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது ஜனதா நின்றுபோயிருந்தது. திருகினால் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் அந்தப் பழுப்பு அட்டை.

இறப்புச் சான்றிதழ், பாஸ்புத்தகம், என் ஆதார், பான், சாட்சிகளின் கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் கணக்கை முடித்துப் பணம் வாங்கிக்கொள்ளத்தான் படிவம் கொடுத்தார். முடிக்க வேண்டாம், நான் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றேன். அப்படியெல்லாம் முடியாதே அம்மா என்றார். உள்ளே இருந்த போஸ்ட்மாஸ்டரம்மா எழுந்து வந்து, நாமினி விண்ணப்பம் கொடுத்தால் முதிர்வு வரை தொடரலாம் என்று விதியை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா அன்றைக்கு இல்லையென்றால் இதில் எதுவும் நடந்திருக்காது. நாமினியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இடையில் இரண்டு மாதத் தவணை நின்றிருந்தது. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் தாமதக் கட்டணம், அதாவது தவணைக்கு மாதம் நூறு ரூபாய். கட்டினேன். அவர் கட்டியது இருபத்தொன்பது தவணை, நான் கட்டியது முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொரு மாதமும் மாதம் பிறந்தால் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவருக்காகச் செய்ய இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2025 அக்டோபரில் கணக்கு முதிர்ந்தது. 5.8 சதவீத வட்டியோடு ஆறு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம். முடிக்கும்போது பாஸ்புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னாலேயே முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பழுப்பு அட்டையையும் உருவி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. என் தங்கை, "ஏழு பவுன் எடுக்கலாமேக்கா, பேத்திக்காவது ஆகும்" என்றாள். அவள் கணக்கில் தப்பில்லை. தங்கம் ஏறும், வாட்சைத் திரும்ப விற்றால் போட்ட காசு வராது, அதுவும் எனக்குத் தெரியும். பெங்களூரில் இருக்கும் மகன், "அவ்வளவு பணம் எதுக்கும்மா, டைட்டன்லயே நல்ல ஆட்டோமேட்டிக் இருக்கு" என்றான். ஓசூரில் செய்யும் வாட்சை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைகிற அசைவிலேயே தானாகச் சுற்றிக்கொள்ளும். எனக்கு வேண்டியது, ஒரு ஆள் உட்கார்ந்து சாவி கொடுத்தால்தான் ஓடுகிற வாட்ச். அவனிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஐம்பதாயிரம் அனுப்பியிருந்தான்.

திருச்சியில் விசாரித்துப் பார்த்துவிட்டுச் சென்னையில் மகள் வீட்டுக்கு ராத்திரி ரயில் ஏறினேன். முதலில் போன கடையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. "சாருக்கா மேடம்? சாரையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா கையில போட்டுப் பாத்துரலாம்" என்றார் அங்கிருந்த பையன். அவருக்குத் தெரியாதுதான். எனக்குத்தான் என்று சொன்னதும், கல் பதித்த சின்ன லேடீஸ் வாட்சுகளைக் கொண்டுவந்து பரப்பினார். நான் கேட்டதைக் கடைசி வரை வெளியே எடுக்கவே இல்லை. மகள் கோபப்பட்டாள். நான் வெளியே வந்து கார் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இடையில் மருமகனின் நண்பர் மூலம் பழைய வாட்ச் விற்கிற ஒருவரிடமும் பேசினோம். விலை நன்றாகவே குறைவு. ஆனால் வாரண்டி கார்டு இல்லை, பெட்டி இல்லை. உள்ளே எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை. வேண்டாம் என்றுவிட்டேன். பழையதில் ஏமாறுவதற்கு லட்சக்கணக்கில் போட வேண்டியதுகூட இல்லை. ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்கும் ஹெச்.எம்.டி.க்களிலேயே டயலுக்குப் புதுச் சாயம் அடித்து, வேறு வேறு வாட்சின் பாகங்களைக் கோத்துத் தருகிறார்கள்.

அடுத்த நாள் போன அங்கீகாரம் பெற்ற கடையில் ஒரு இளம்பெண் இருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "யாருக்காக பாக்குறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். கைப்பையிலிருந்து ஜனதாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து, வெல்வெட் தட்டில் வைத்து, அதன் பக்கத்தில் ஸ்பீட்மாஸ்டரை வைத்தார். அவர் செய்த அந்த ஒரு காரியத்துக்காகவே நான் அங்கே வாங்கினேன் என்று சொல்லலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முன்னும் பின்னும் சஃபயர் கண்ணாடி. திருப்பினால் உள்ளே சக்கரங்கள் ஓடுவது தெரியும், பார்க்க அத்தனை அழகு. இன்னொன்றில் முன்னால் ஹெசலைட், அதாவது ஒருவகை அக்ரிலிக்; பின்னால் கடல்குதிரை பொறித்த ஸ்டீல் மூடி. நிலாவுக்குப் போனது ஹெசலைட் வகைதான். அடிபட்டாலும் சில்லுசில்லாகச் சிதறாது என்பதால். விலையும் கொஞ்சம் குறைவு. "ஆனா இது சீக்கிரம் கீறல் விழும்மா, பாலிஷ் போட்டாத்தான் போகும்" என்று அந்தப் பெண் எச்சரித்தார். என் வீட்டுக்காரர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனதாவின் கண்ணாடிமேல் ஒரு மிளகளவு டூத்பேஸ்ட் வைத்து, பழைய வேட்டித் துணியால் வட்டவட்டமாகத் தேய்ப்பார். கீறல் விழும் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் முடிவு செய்துவிட்டேன்.

சாவி கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஜனதாவின் திருகு கரகரவென்று விரலுக்குத் தெரியும். இது மெத்தென்று, பட்டுநூல் சுற்றுகிற மாதிரி இருந்தது. காதில் வைத்தேன். சத்தம் வேறுதான், இன்னும் வேகம், இன்னும் மெல்லிசு. அவர் கேட்டது இதைத்தான் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பின்மூடியில் அவர் பெயரைப் பொறிக்க ஆசைப்பட்டேன். அங்கே ஏற்கெனவே எழுத்தும் படமுமாக நிறைந்திருக்கிறது, இடமில்லை. விட்டுவிட்டேன். பட்டையில்தான் கொஞ்சம் தடுமாறினேன். ஸ்டீல் செயினோடு வாங்கினால் விலை கூட, தோல் பட்டையோடு குறைவு. ஆனால் பின்னால் செயினைத் தனியாக வாங்கினால் அந்த வித்தியாசத்தைவிட அதிகமாகும் என்றார்கள். நாளை பேரனோ பேத்தியோ கட்ட வேண்டுமே என்று செயினோடே எடுத்து, எனக்குச் சாதாரணக் கறுப்புத் தோல் பட்டை ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். 42 மில்லிமீட்டர் வாட்ச், என் மணிக்கட்டுக்குப் பெரிதுதான். பட்டையில் கூட இரண்டு துளை போட வேண்டியிருந்தது.

பணம் கட்டும் விஷயம். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் கட்டாயம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மாட்டார்கள், சட்டப்படி கூடாது. போட்டிருக்கும் விலையிலேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சாக இருந்தால், 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது கடைக்காரரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிக்கிறார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு அது வரவில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்திருக்கிறதே, கொஞ்சம் பொறுத்தால் விலை குறையாதா என்று மருமகன் கேட்டார். சுங்க வரி வருடா வருடம் படிப்படியாகத்தான் குறையும் என்றார்கள். அதற்காகக் காத்திருக்க எனக்கு மனமில்லை.

ஆர்.டி. பணம் போதவில்லை. மகன் அனுப்பியதும் என் சேமிப்பும் சேர்த்து ஆர்.டி.ஜி.எஸ். செய்யப் போனேன். வங்கியில் இருந்த பெண் தொகையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாராவது போன்ல மிரட்டுறாங்களாம்மா? டிஜிட்டல் அரெஸ்ட், அது இதுன்னு?" என்று கேட்டார். கடையின் சீட்டைக் காட்டி விவரம் சொன்ன பிறகுதான் பணத்தை அனுப்பினார். தனியாக இருக்கும் வயதானவர்களை இப்படி ஒருவர் நிறுத்திக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம். கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

வாட்சை வாங்கும்போது வாரண்டி கார்டில் இருக்கும் சீரியல் எண்ணும் வாட்சில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று லென்ஸ் வைத்துக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தேன். கார்டில் தேதி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஐந்து வருட வாரண்டி அந்தத் தேதியிலிருந்துதான். பில்லின் நகலை வைத்து வீட்டு இன்சூரன்சில் சேர்த்தாயிற்று. லாக்கரில் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. லாக்கருக்குள் யார் சாவி கொடுப்பது?

ஊருக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, ஜனதாவைப் பெரிய கடைவீதிப் பக்கம் இருக்கும் வயதான ரிப்பேர்காரரிடம் கொடுத்தது. மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடும் முடிவு வந்தது 2016-ல். புது ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று பயந்தேன். அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்கப் பழைய ஹெச்.எம்.டி. மிஷின்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு, கழுவி, ஆயில் விட்டு, மூன்றாம் நாள் கொடுத்தார். "அய்யா கை பட்ட வாட்ச், டயலைத் தொடலைம்மா" என்றார்.

பெரிய சிவப்புப் பெட்டிக்குள் ஜெராக்ஸும் பழுப்பு அட்டையும் இருக்கின்றன. வாட்சுகள் இரண்டும் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில்.

புதியது முழுச் சாவிக்கு ஐம்பது மணி நேரம் ஓடும், தினமும் கொடுக்கத் தேவையில்லைதான். நான் தினமும் கொடுக்கிறேன். காபி குடித்துவிட்டு முதலில் ஜனதா, பிறகு இது. இறுகுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். சாவியை வெளியே இழுத்தால் இதில் விநாடி முள்ளும் நின்றுவிடுகிறது. ஜனதாவில் அந்த வசதி இல்லை, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வந்த முதல் நாள் காலை மொட்டைமாடியில் விநாடி முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி, சாவியை விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பால்காரர் மணி அடித்தார், போகவில்லை. சங்கு ஊதியது. அழுத்தினேன்.

ஜனதா அரை நிமிடம் பிந்தியிருந்தது.