ராத்திரிக்கு எங்கே? (பழனி நடை, 2025)

பிப்ரவரி 4, செவ்வாய். திருப்பத்தூர்

காலை நாலரைக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பியது, தைப்பூசத்துக்குப் பழனி வரை நடை. மீனா திருநீறு பூசிவிட்டாள், பாப்பா எழுந்திருக்கவே இல்லை. குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுக் கீழே இறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. செருப்பு இல்லாமல் நடப்பது முதல் பத்து கிலோமீட்டர் வரை பக்தி, அதற்கப்புறம் வெறும் தார் ரோடு.

ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் அவ்வளவாகச் சுடுவதில்லை. முன்னால் போகிற எல்லோரும் ஏன் கம்பி மேல் நடக்கிற மாதிரி ஒரே வரிசையில் போகிறார்கள் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ராத்திரிக்குக் கல்யாண மண்டபம். எங்கள் குழுவில் 42 பேர், ஆளுக்கு 2,500 ரூபாய். சாப்பாடு, சாமான் வண்டி, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பக்கத்தில் படுத்திருக்கும் சாமி விடுகிற குறட்டைக்குச் சமையல்கட்டில் அண்டாவே அதிரும்.

வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மாலை போட்டவனிடம் என்ன பேச்சு.

பிப்ரவரி 5, புதன். சிங்கம்புணரி

குழுவை விட்டு விலகியாச்சு.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாமான் வண்டி ஒன்பதரை வரை வரவில்லை, என் பாய், போர்வை, விளக்கெண்ணெய் எல்லாம் அதில். வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லையாம். "முடிஞ்சா எங்களோட வாங்க சாமி, இல்லேன்னா தனியா நடங்க" என்றார் தலைவர், நானும் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாக்கிக் காசைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது ராத்திரி பதினொன்றுக்கு அந்தக் காசைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், முருகனை இல்லை.

ஊரெல்லாம் தேங்காய் நார் வாசனை. மட்டை மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. பூட்டியிருந்த ஒரு கயிறு குடோன் படியில் பாயை விரிக்கப் போனேன். "அங்கன நாய் படுக்கும் அப்பு, இங்கிட்டு வா" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். ஒரு அப்பத்தா. மஞ்சள் பை, ஒரு போர்வை, குழுவும் இல்லை வண்டியும் இல்லை. இது இருபத்தி ஏழாவது வருஷமாம்.

பத்து நிமிஷத்தில் நாய் வந்து சரியாக அந்தப் படியிலேயே படுத்தது.

பிப்ரவரி 6, வியாழன்

தை கார்த்திகை. கொட்டாம்பட்டி தாண்டி சமுத்திராபட்டி. இடது குதிகாலில் ஒன்று, கட்டை விரலடியில் ஒன்று, மொத்தம் இரண்டு கொப்புளம். கோயில் வாசலில் தூக்கம். மீனா இரண்டு வீடு போட்டோ அனுப்பியிருந்தாள், இரண்டும் மாடி.

பிப்ரவரி 7, வெள்ளி. நத்தம்

அப்பத்தா எப்படி இடம் கேட்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும், மறந்துவிடுவேன்.

முதலில் இடமே கேட்பதில்லை. தண்ணி கேட்கும். தண்ணி கொடுத்த ஆளிடம் மாடு எத்தனை உருப்படி, கறவை இருக்கா, மாமரம் பூ விட்டிருக்கா என்று விசாரிக்கும் (இந்தப் பக்கம் பூராவும் மாந்தோப்பு, தை மாதம் பூ பற்றிப் பேச யாரும் அலுத்துக்கொள்வதில்லை). அப்புறம், "காலு சித்த நேரம் உக்காரச் சொல்லுது ஆத்தா" என்று உட்காரும். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காது. அரை மணி கழித்து வீட்டுக்காரம்மாவே, இந்நேரத்துக்கு எங்கே போகப் போறீக, இங்கேயே படுங்களேன் என்று சொல்லிவிடுகிறார்கள். நேற்று கோயில்காரரிடம், இன்று இந்த வீட்டில், இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கூச்சம் பிடுங்கித் தின்கிறது எனக்கு. நான் ரோட்டோரத்தில் போனைப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்கிறேன்.

"திண்ணை இருக்கிற வீட்டைத்தான் கேக்கணும் அப்பு, இரும்புக் கேட்டு வச்ச வீட்டைக் கேக்கப்படாது. கேட்டு வச்சவுக பாவம், பயந்துக்கிட்டு இருப்பாக."

ஆனால் திண்ணை எங்கே இருக்கிறது? இந்தத் தெருவில் முன்னால் ஏழு திண்ணை இருந்ததாம், விரல் விட்டு எண்ணிக் காட்டியது. ஒன்றில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. நாலை இடித்து பைக் ஏற்றச் சரிவு போட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குக் கம்பி வலை அடித்து உள்ளே வாஷிங் மெஷின். கடைசியில் நாங்கள் படுத்திருப்பது ஏழில் மிஞ்சிய ஒன்றில், அதிலும் பாதியை சிமெண்ட் மூட்டை அடைத்திருக்கிறது. சிவப்புச் சிமெண்ட் தரை, தூணோரம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எத்தனை பேர் தலை வைத்துத் தேய்த்ததோ.

கொப்புளத்துக்கு வைத்தியமும் அப்பத்தாதான். ஊசியில் நூல் கோத்து, நூலை விளக்கெண்ணெயில் நனைத்து, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டது. நீர் நூல் வழியாகக் கசிந்து போய்விடும், தோல் உரியாது. மருத்துவம் படித்தவர்கள் இதைப் படித்தால் திட்டுவார்கள், தெரியும். ஆனால் காலையில் நடக்க முடிந்தது.

மீனா: "இந்த வீடு நல்லாருக்கு, ஆனா ஒத்திக்குத்தான் தருவாங்களாம், அஞ்சு லட்சம்." அஞ்சு லட்சத்துக்கு நான் எங்கே போவேன். பதில் போடவில்லை.

பிப்ரவரி 8, சனி. சாணார்பட்டிக்கு முன்னால்

இன்று வீட்டுக்காரர் போனை எடுத்துத் தொலைத்தேன். பையன் சிங்கப்பூரிலிருந்து வருகிறானாம், பங்குனி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாதாம், அதனால் மாசிக்குள் காலி பண்ணிவிட்டால் நல்லதாம். குரலில் தேன். பதினொரு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். கிணற்றடி எலுமிச்சை நான் வைத்தது. பாப்பாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அவள் புத்தகத்தை அடுக்குவாளா படிப்பாளா. இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை, "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நூறு பேர் அரோகரா போட்டுக்கொண்டு போகிறார்கள், அவருக்கு நான் சொன்னது கேட்டதோ என்னவோ.

காரைக்குடியில் எவ்வளவு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற வீடுகள், மூன்று கட்டு, நாலு கட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் புறாவுக்குத்தான். எங்களுக்கு வேண்டியது இரண்டு ரூம், ஒரு அடுப்படி.

நகரத்தார் காவடி எங்களைக் கடந்து போனது. பார்க்கவே நிறைவாக இருந்தது. நானூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறார்கள் என்பார்கள், எந்த ஊரில் இளைப்பாறுவது, எங்கே தங்குவது என்பதெல்லாம் பாட்டன் காலத்து ஏற்பாடு, மாறுவதில்லை. போகும்போது மட்டுமில்லை, திரும்பும்போதும் நடைதான். தங்கும் இடம் முன்னாலேயே தெரிந்த நடை எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள், அவர்கள் யாரும் பொழுது சாய்கிறதே என்று வானத்தைப் பார்ப்பதில்லை. நான் நாலு மணியிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

பொறாமைதான். எழுதினால் என்ன.

பிப்ரவரி 9, ஞாயிறு. திண்டுக்கல்

பூட்டுக்குப் பேர் போன ஊர். மூன்று லாட்ஜில் கேட்டேன், மூன்றிலும் "சாமிங்களுக்கு ரூம் இல்லை."

காசு வைத்துக்கொண்டு கேட்டும் இல்லை. நடக்கிறவர்கள் குளியலறையை நாசம் பண்ணிவிடுகிறார்களாம், கால் சேறெல்லாம் படுக்கையில் என்றார் ஒருவர். பொய் என்று சொல்ல முடியாது. வழி நெடுக நாங்கள் போட்டுவிட்டுப் போகிற பேப்பர் டம்ளரையும் பாக்குமட்டைத் தட்டையும் பார்த்தவன் யாரும் எங்களுக்கு ரூம் தர மாட்டான்.

அப்பத்தா சிரித்தது. "கேட்டு வச்ச வீட்டைக் கேக்காதன்னேன்ல."

ஊரைத் தாண்டி பழனி ரோட்டில் ஒரு டயர் கடை வாசல். கடைக்காரப் பையன் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான், முதுகில் ஒன்று, பையில் ஒன்று. விடியற்காலை நடையில் லாரிக்காரனுக்குத் தெரிய வேண்டுமே. அப்பத்தா தன் மஞ்சள் பையில் முன்னாலும் பின்னாலும் ஒட்டச் சொன்னது. நிலா நன்றாக ஏறிவிட்டது, பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள்.

பிப்ரவரி 10, திங்கள். ஒட்டன்சத்திரம்

விடியற்காலை இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை குளிர்ந்த காற்று, காலே தெரியவில்லை. அப்புறம் சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு. நூறடிக்கு ஒரு பந்தல். சுக்குக் காபி, பொங்கல், எலுமிச்சம் சாதம், பானகம், மோர், மறுபடி சுக்குக் காபி. ஒரு சின்னப் பெண், ஏழெட்டு வயதிருக்கும், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எல்லோர் கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள். என் முறை வரும்போது பாக்கெட் தீர்ந்துவிட்டது. அழுகிற முகமாகிவிட்டது அவளுக்கு. நான் பசியில்லை தாயி என்று சொன்னது நிஜமும்கூட.

சோறு போட ஆயிரம் பேர் வருகிறார்கள், படுக்க இடம்தான் யாரும் தருவதில்லை. சோறு போட்டால் கை கழுவிக்கொண்டு போய்விடுவான், படுக்க இடம் கொடுத்தால் காலை வரை இருப்பானே.

நடக்கிறவர்களுக்கென்று சிமெண்ட் கல் பதித்த பாதை ஓரமாக வருகிறது. செருப்பு போட்டவர்களுக்கு நல்லது. வெறுங்காலுக்குக் கல் இடுக்கு ஒவ்வொன்றும் கொப்புளத்தில் வந்து நிற்கிறது. நான் வெள்ளைக் கோட்டுக்கே திரும்பிவிட்டேன்.

ராத்திரி காய்கறி மண்டியில். கேரளாவுக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை, அப்பத்தாவுக்குப் பழைய பழக்கம் போல, வெற்றுச் சாக்கை மெத்தை மாதிரி நாலு அடுக்குப் போட்டுக் கொடுத்தார். முட்டைக்கோஸ் வாசனை. இந்த ஏழு நாளில் இதுதான் நல்ல படுக்கை.

கணக்குப்பிள்ளை கேட்டார், எந்த ஊரு, சொந்த வீடா என்று. ஏன் எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.

மீனா போன் பண்ணினாள். இன்று பார்த்த வீட்டில் சைவமா என்று கேட்டார்களாம். "அவர் பழனிக்கு நடந்து போயிருக்கார்னு சொல்லிட்டேங்க." அது பதிலா? பதில்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். தை முடியட்டும், முதல் ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 11, செவ்வாய். பழனி

சத்திரப்பட்டி வரை இருட்டு. விடிந்ததும் மலை தெரிந்தது. பார்த்தவுடன் எல்லோரும் ஒரே சத்தமாக அரோகரா போட்டார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏன் என்று கேட்டால் தெரியாது. ஆயக்குடியில் கொய்யா வாங்கினேன், அப்பத்தாவுக்குப் பல் இல்லை, கொட்டையைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டது.

சண்முக நதியில் குளியல். அப்புறம்தான் தெரிந்தது, அப்பத்தா மலை ஏறாதாம்.

"ஏறிப் பத்து வருசமாச்சு அப்பு. முழங்காலு மடங்காது. நான் கீழ ஆவினன்குடியில கும்பிட்டுக்கிருவேன்."

நடந்ததெல்லாம்? இவ்வளவு தூரம் நடந்து வந்து, மேலே போகாமலா? ரோப் காரில் போகலாமே, விஞ்ச் இருக்கே என்றேன். பதிலே இல்லை. நான் என்னவோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. "போயிட்டு வா. பாய் இங்கன இருக்கும்."

693 படி. நான் எண்ணவில்லை, எண்ண விடவில்லை, பின்னால் வந்த கூட்டமே ஏற்றிவிட்டது. நாலு மணி நேரம் வரிசை. தரிசனம் மூன்று விநாடி இருக்கும், நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்ததை ஒன்றும் கேட்கவில்லை. கையெடுக்கக்கூட இடமில்லை. "நகருங்க நகருங்க."

இறங்கும்போது கீழே தேர் நகர்கிற சத்தம்.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பூட்டின பூக்கடை வாசலில், என் பாயை விரித்து, என் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அப்பத்தா தூங்கிக்கொண்டிருக்கிறது. பை மேல் ஸ்டிக்கர் வண்டி வெளிச்சத்தில் மின்னி மின்னி அணைகிறது. எழுப்ப மனசில்லை. ரூம் கேட்டால் சாதாரண நாளைவிட மூன்று மடங்கு சொல்கிறார்கள், அதுவும் இல்லை என்கிறார்கள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் 6 சதவீதம்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் அப்பத்தா இல்லை. பாய் சுருட்டி, பைக்குள் பாதி நுழைத்து வைத்திருக்கிறது. விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது, ஊசியை விட்டுவிட்டது.

டீக்கடையில் சார்ஜ் போட்டதும் மீனாவிடமிருந்து ஒரு போட்டோ. தெரு முனை வீடு, கீழ்த்தளம். வாசலில் திண்ணை மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணித் தொட்டி. வாடகை எவ்வளவு என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் நீலக் கோடு விழவில்லை.