புளியங்கொட்டையில் சொன்ன கணக்கு

கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஆய்வுக்காகக் கேள்வி கேட்டோம். முதல் 3 நாளும் எங்கள் படிவங்களில் ஒரே பதில்தான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்போம், "சாப்பிடறேம்மா" என்பார்கள். நான்காம் நாள் ஒரு பாட்டி எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார். எதிரே ஆணியில் மஞ்சப்பை ஒன்று தொங்கியது. அது நிறையப் பிரிக்காத மாத்திரை அட்டைகள். கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்லைன்னு எழுதிட்டா, கொண்டாந்து குடுக்கிற பொண்ணுக்குக் கெட்ட பேரு வராதா? அது நம்ம ஊருப் பொண்ணும்மா."

திருவண்ணாமலை மாவட்டத்தில் சில கிராமங்களில் 'மக்களைத் தேடி மருத்துவம்' எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் தன்னார்வலர்களாக வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். அதற்கு முன் 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு போனவர்களுக்கு, மாத்திரை வீட்டுக்கு வந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப மனம் வராது.

அன்று இரவு உட்கார்ந்து கேள்வியை மாற்றினோம். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" இப்படிக் கேட்டால், விட்டதைச் சொல்வதில் தப்பில்லை என்று கேட்பவரே ஒத்துக்கொண்ட மாதிரி. அட்டையைக் காட்டச் சொல்லி மீதியையும் எண்ணினோம். வீடு காட்ட வந்த தன்னார்வலர் பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொண்டோம். நடுவில் கேள்வியை மாற்றியதால், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முதல் 3 நாள் போன வீடுகளுக்கும் திரும்பப் போனோம். நாள் விரயம் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு கேட்டால் முதியோர் பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயந்தார்கள். பொறுமையாகப் படித்துக் காட்ட வேண்டும். பிரஷர் பார்ப்பதும் அப்படித்தான். வயலிலிருந்து நடந்து வந்தவர் கையில் உடனே பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிட ஏற்றிக் காட்டலாம். 5 நிமிடம் உட்கார வைத்து, 3 முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்தோம்.

அப்புறம் அறிக்கை. ஆங்கிலத்தில் தடிமனாக ஒன்று தயாரானது. வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கச் சுருக்கம் போனது. பதில் சொன்ன மக்களுக்கு என்ன கொடுக்கிறோம் என்று கேட்டேன். அதற்குத் திட்டத்தில் இடமே ஒதுக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் நேரம் கேட்டு வாங்கினோம்.

படம், வரைபடம் எதுவும் வேண்டாம் என்று புளியங்கொட்டை எடுத்துப் போனேன். ஒரு கொட்டை ஒரு ஆள். தினமும் சாப்பிடுபவர்கள் ஒரு குவியல், விட்டு விட்டுச் சாப்பிடுபவர்கள் ஒன்று, மாத்திரையே கைக்கு வராதவர்கள் ஒன்று. தெருப் பெயர் சொல்லவில்லை. சின்ன ஊரில் தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான்.

மூன்றாவது குவியலுக்கு அறிக்கையில் நாங்கள் எழுதியிருந்த காரணம் 'விழிப்புணர்வு இல்லை'. அதை வாசித்ததும் ஒரு அக்கா எழுந்தார். "பத்து மணிக்கு வந்தா வீட்டுல யாரு இருப்பா? அதுக்கு முன்னாடியே நூறு நாள் வேலைக்குப் போயிடறோம்." தன்னார்வலர் தன் நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'வீடு பூட்டு'. அந்த நோட்டை நாங்கள் பார்க்கவே இல்லை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒதுக்கி வைத்ததில் அவருக்குத் தெரிந்ததையும் கேட்காமல் விட்டிருந்தோம்.

இன்னொருவர், சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் கிறுகிறுவென்று வருகிறது, அதனால்தான் விடுகிறேன் என்றார். சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாடு சாப்பிடாமல் இருந்தால், அவை சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். கூட்டத்தில் இருந்த கிராம சுகாதார செவிலியர் அவரை டாக்டரிடம் அனுப்பப் பெயர் குறித்துக்கொண்டார்.

'விழிப்புணர்வு இல்லை' என்ற வரியை நீக்கி, அங்கே கேட்டதை எழுதி மறுபடி அனுப்பினோம். தன்னார்வலர் இப்போது 2 தெருக்களுக்கு மாலையில் போகிறார். மூன்றாவது தெருவில் விளக்கு எரிவதில்லை, இருட்டில் தனியாகப் போக முடியாது என்கிறார். அதையும் அந்த ஒரு பக்கச் சுருக்கத்தில் சேர்த்து ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். விளக்கு இன்னும் வரவில்லை.