செந்நாயும் பெரியப்பாவின் நாயும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஜவ்வாது மலையின் அமிர்திக்குச் செல்லும் வழியில் உள்ள பெரியப்பாவின் நிலத்துக்குப் போயிருந்தேன். செந்நாய் புதரில் சிறுநீர் தெளித்து, அதில் உரசிப் போகும் மானின் கண்ணைக் குருடாக்கிய பிறகே பிடிக்கும் என்று அவர் அடித்துச் சொன்னார். அது கட்டுக்கதை என்றேன். "படிச்சவனுக்கு எல்லாமே கதைதாண்டா" என்று பேச்சை முடித்துவிட்டார். இருபது கிலோவைத் தாண்டுவதே அரிதான அந்த விலங்கு தன்னைவிடப் பல மடங்கு கனமான கடமானை வீழ்த்துவது கண்ணைக் கெடுத்து அன்று, கூடி ஓடித்தான். அடர்ந்த காட்டில் சிதறிப் போனாலும் சீழ்க்கையொலி எழுப்பி மீண்டும் சேர்ந்துகொள்ளும். இரை விழுந்ததும் குட்டிகளையே முதலில் தின்ன விடும்.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

கொம்புகளுக்கு வண்ணம் பூசும்போதும் அதே நினைவுதான். ஆங்கிலேயர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் கொடுத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் நம் நாட்டில் அதற்குக் காவலாயிற்று. பூட்டானிலோ, கால்நடைகளை அடிக்கிறது என்று 1970-களில் நஞ்சு வைத்து ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள். அதன்பின் காட்டுப்பன்றி பெருகிப் பயிரை அழிக்க, அதே உழவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். 1990-களில் செந்நாய் அங்கே மீண்டும் தலைகாட்டியது. நான் உழவனாக இருந்திருந்தால் நானும் நஞ்சு வைத்திருப்பேனோ என்னவோ.

19 ஜனவரி, ஞாயிறு

ஊரில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம். பெரியப்பாவின் நாயைக் கயிறு கட்டி இழுத்துப் போனேன். எங்கள் மலையில் நான் செந்நாயைக் கண்டதில்லை. ஆனால் முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளில் அது இருக்கிறது, அவற்றின் ஓரங்களிலும் ஊர்நாய்கள் திரிகின்றன. வெறிநோயும், நாய்களைக் கொல்லும் வைரஸ் நோயான டிஸ்டெம்பரும் ஊர்நாய்களிடமிருந்து தொற்றினால், ஒட்டி உறங்கி ஒன்றாகத் தின்னும் கூட்டம் முழுவதும் சில வாரங்களில் மடியக்கூடும். 2015-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் எஞ்சிய இனப்பெருக்க வயதுச் செந்நாய்கள் 949 முதல் 2,215 வரை மட்டுமே என்னும்போது, ஒரு கூட்டம் போவதும் சிறிய இழப்பன்று. கொரியாவிலும் கஜகஸ்தானிலும் அவை முன்பே அற்றுப்போயின. இரைமான் குறைவதும் காடு துண்டுபடுவதும் பெரிய காரணங்கள்தாம். அவற்றில் என் கை எட்டாது, கயிற்றின் முனை எட்டியது.

ஊசி போட்ட கோபத்தில் நாய் மாலைவரை என் பக்கமே வரவில்லை.